அட்டைச் சீட்டுகளை எடுத்த வெள்ளிக்கிழமை

போன மாதம் என் பழைய ஆபீசிலிருந்து இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். நூலகங்களைச் சோதனை போடுவதற்குப் புதிய படிவம் வந்திருக்கிறதாம், பதினான்கு பக்கம். அதை என் மடியில் வைத்துவிட்டு, உங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லாமல் எப்படிச் சமாளித்தீர்கள், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு உபயோகமாக ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். இலாகா மலரில் போடப்போகிறார்களாம். போட்டோவும் வேண்டுமாம். போட்டோவை உடனே கொடுத்துவிட்டேன், அதில் சிரமம் ஒன்றும் இல்லை.

கட்டுரைதான் படுத்தியது. நேர்மை, உழைப்பு, நேரம் தவறாமை என்று நாலு நாள் எழுதினேன். ஐந்தாம் நாள் படித்துப் பார்த்தால் யாரோ ஒரு மகான் எழுதியது மாதிரி இருந்தது. எனக்கே கூச்சமாகிவிட்டது, கிழித்துப் போட்டேன். உபயோகமாகச் சொல்வதற்கு என்னிடம் உண்மையில் இருப்பது நான் செய்த ஒரு தப்புதான். சம்பந்தப்பட்டவர்களைத் தவிர அதை இத்தனை வருஷம் வேறு யாரிடமும் சொன்னதில்லை. இந்த இரண்டு பத்தி எழுதுவதற்குள்ளேயே எழுந்து மூன்று தடவை வாசல்வரை போய் வந்துவிட்டேன், அதனால் சுருக்கமாக ஆரம்பித்துவிடுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது மந்தைவெளி. அப்பா அச்சாபீசில் கம்பாசிட்டர். பள்ளிப் படிப்பு முடிந்ததும், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். தபால் பதிவு, நகல் எடுப்பது, காகிதக் கட்டுகளுக்கு நாடா கட்டுவது என்று மூன்று வருஷம் ஓடியது. அதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அதன்பிறகு நூலகங்களைப் பார்வையிடும் அதிகாரி அனந்தநாராயணய்யரிடம் என்னைத் தள்ளிவிட்டார்கள். அவரிடம் யாரும் ஆறு மாதத்துக்கு மேல் தாக்குப் பிடித்ததில்லை என்று மற்ற குமாஸ்தாக்கள் எனக்கு அனுதாபம் சொன்னார்கள்.

அந்த நாளில் பட்டணத்தில் சபை, சங்கம், கமிட்டி என்று பல பேர் சொந்தமாக நூலகம் நடத்தினார்கள். சர்க்கார் சிலருக்கு மனை கொடுத்திருந்தது, சிலருக்குக் கட்டடம் கொடுத்திருந்தது. அதற்குப் பதிலாக வருஷத்துக்கு ஒருமுறை உள்ளே வந்து பார்க்கும் உரிமையை வைத்துக்கொண்டது. நடத்துவது அவர்கள், எட்டிப் பார்ப்பது நாங்கள். பார்த்தது சரியில்லை என்று அதிகாரி எழுதிவிட்டால் கமிட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, சர்க்காரே ஒரு ஆளை நியமித்து நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளலாம். அப்படி அடிக்கடி நடக்கவில்லை. நடக்கலாம் என்ற பயமே போதுமானதாக இருந்தது.

அனந்தநாராயணய்யரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒல்லியான, உயரமான மனிதர். பஞ்சகச்சம், மேலே மூடிய கழுத்துக் கோட்டு, தலைப்பாகை. எந்த நூலகத்துக்குப் போனாலும் உட்காரமாட்டார். காபி நீட்டினால் வேண்டாம் என்றுகூடச் சொல்லமாட்டார், அதைப் பார்க்காத மாதிரி நகர்ந்துவிடுவார். தாகம் எடுத்தால் தன் கூஜாவிலிருந்துதான். அலமாரியில் ஒரு புத்தகத்தின் தலையில் விரலை வைத்து இழுப்பார். விரலில் தூசி ஒட்டினால் முதலில் நோட்டில் எழுதுவார், அப்புறம்தான் விரலைத் துடைப்பார்.

அவரிடம் இரண்டு பென்சில்கள் இருந்தன. கண்ணால் பார்த்ததை நீலத்தில் எழுதுவார். பிறர் சொல்லிக் கேட்டதைச் சிவப்பில் எழுதுவார். ஆபீசுக்குத் திரும்பியதும் நீலத்தில் இருப்பதை மட்டும் நான் சுத்தப் பிரதி எடுக்க வேண்டும். சிவப்பில் இருப்பது நோட்டோடு நின்றுவிடும். நான் அவரிடம் இருந்த காலத்தில் நீலப் பென்சில் எத்தனையோ தீர்ந்தது, அந்தச் சிவப்புப் பென்சில் மட்டும் முழு நீளத்தில் அப்படியே இருந்தது. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. அப்போது எனக்கு அது ரொம்பப் பெரிய ஒழுங்காகப் பட்டது, நானும் இரண்டு பென்சில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

புத்தகம் எண்ணுவதற்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஒருவன் அலமாரியிடம் நின்று முதுகில் ஒட்டிய எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். இன்னொருவன் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே புள்ளி வைக்க வேண்டும். தட்டு முடிந்ததும் விளிம்பில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. எண்ணத் தொடங்குமுன் தட்டில் புத்தகத்தைத் தவிர வேறு எதுவும் இருக்கக்கூடாது. மூக்குக்கண்ணாடிக் கூடு, பஞ்சாங்கம், ஊதுவத்தி, விசிறி, எல்லாவற்றையும் எடுத்துக் கூடையில் போட்டுவிட வேண்டும். இந்தக் கடைசி விதியை நான் மிகவும் ரசித்துச் செய்வேன். பெரிய மனிதர்கள் வைத்த சாமானை என் கையால் எடுத்துப் போடுவதில் ஒரு சுகம் இருந்தது.

மயிலாப்பூரில் ஒரு சபை நூலகம். அங்கே கண்ணாடி அலமாரிகள் பளபளவென்று இருக்கும். சாவி காரியதரிசியின் இடுப்பில். வருஷத்துக்கு ஒருநாள், நாங்கள் வரும்போது மட்டும் திறப்பார். புத்தகங்களின் பக்கங்களைப் பிரிக்கக்கூட இல்லை, அச்சாபீசிலிருந்து வந்த மடிப்பு அப்படியே இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. ஐயர் நீலத்தில் "மிகவும் திருப்தி" என்று எழுதினார். வெளியே வந்ததும் நான் துணிந்து, இங்கே யாரும் படிப்பதாகத் தெரியவில்லையே சார் என்றேன். அவர் நடந்துகொண்டே, "புஸ்தகம் இருக்கா இல்லையா, அதான் ஓய் நம்ம கேள்வி" என்றார். அதற்குமேல் நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முப்பதுகளின் தொடக்கம். அதே மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டுக்குப் பின்னால், முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறைகளாக இருந்த தெருக்களுக்கு நடுவில் ஒரு நூலகம் இருந்தது. தோல் வியாபாரிகளும் துணி வியாபாரிகளும் சேர்ந்து கமிட்டி போட்டு நடத்தியது. உருது, பாரசீகம், தமிழ், அரபு எழுத்தில் எழுதிய தமிழ் என்று எல்லாம் கலந்த புத்தகங்கள். மனை சர்க்கார் கொடுத்தது. காதர் சாயபு என்பவர் பொறுப்பாளர். தொழில் புத்தகக் கட்டு வேலை. நூலகத்துக்குப் பக்கத்து அறையிலேயே அவருடைய பட்டறை, எப்போதும் பசை வாசனை. ஐம்பது வயதிருக்கும், சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த நூலகத்தைப் பற்றி இலாகாவுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. கணக்கில்லாமல் புத்தகங்கள் வெளியே போகின்றன, கமிட்டிக்காரர்கள் வீட்டில் தேங்கிக் கிடக்கின்றன, ரிஜிஸ்தரில் ஒரு பதிவும் இல்லை என்று. மேலிடத்தில் யாருக்கோ இது ரொம்ப உறைத்துவிட்டது. புகார் உண்மையென்றால் நிர்வாகத்தை சர்க்கார் எடுத்துக்கொள்ளும், புத்தகங்களை வேறு பெரிய இடத்துக்கு மாற்றலாம் என்று அந்தக் காகிதக் கட்டிலேயே ஒரு குறிப்பு எழுதியிருந்தது. போய் எண்ணிக்கொண்டு வரும்படி ஐயருக்கு உத்தரவு. தேதியை நான்தான் குறித்துக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை. அவர்களுக்கு வெள்ளிக்கிழமை என்றால் என்ன என்று மயிலாப்பூர் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாமல் இல்லை. டயரியில் அந்த நாள் காலியாக இருந்தது, குறித்துவிட்டேன்.

ஐயர் மூன்று மணிக்கு வருவதாக ஏற்பாடு. அதற்குள் பாதி எண்ணி வைக்கச் சொல்லி, காலையிலேயே என்னையும் பியூன் துரைக்கண்ணுவையும் அனுப்பினார். துரைக்கண்ணு ஊரூர் குப்பத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர், எண்களை நன்றாகப் படிப்பார். காதர் சாயபு எங்களை வரவேற்று, ஆண்கள் கையெழுத்துப் போட்டுப் புத்தகம் எடுத்துப்போகும் ரிஜிஸ்தரைக் காட்டினார். அதில் குறை இல்லை. பன்னிரண்டு மணிக்கு, தொழுகைக்குப் போய்விட்டு வந்துவிடுகிறேன், அலமாரிப் பக்கத்தை வந்த பிறகு சேர்ந்து பார்க்கலாம், அதில் நான் சொல்லவேண்டியது கொஞ்சம் இருக்கிறது என்றார். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மூன்று மணிக்கு ஐயர் வந்து, இதுவரை என்ன ஓய் பண்ணினீர் என்று கேட்டால் என்ன சொல்வது. சாவி இருக்கிறது, துரைக்கண்ணு இருக்கிறார். முதல் அலமாரியைத் திறந்தேன்.

புத்தகங்களுக்கு நடுவே ஆங்காங்கே நீளமான அட்டைத் துண்டுகள் நின்றிருந்தன. கட்டுவேலையில் மிஞ்சிய அட்டையை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டியது. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு துளை, துளையில் ஒரு கலர் நூல். சிலதில் ஒரு முடிச்சு, சிலதில் இரண்டு, மூன்று. எழுத்து எதுவும் இல்லை. புத்தகம் சாயாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறார், பட்டறைக் குப்பையை அலமாரியில் வைத்திருக்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. உருவி உருவிக் கூடையில் போட்டேன்.

துரைக்கண்ணு என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இன்னா சார் இது, புஸ்தகம் இல்லாத சந்துல எல்லாம் ஒரு அட்டை நிக்கிது. நூலு வேற கட்டிகீது. எதுக்கோ வெச்சிகீறாங்க சார். பாய் வந்தப்புறம் ஒரு வார்த்தை கேட்டுக்கினு எடுக்கலாமே" என்றார்.

தட்டில் புத்தகத்தைத் தவிர எதுவும் இருக்கக்கூடாது, உமக்கு விதி தெரியாதா என்று அவரைக் கடிந்துகொண்டேன். ஆறு அலமாரியையும் சுத்தம் செய்தோம். சந்துகளை மூடிப் புத்தகங்களை நெருக்கி அடுக்கினேன். பிறகு அவர் எண்ணைச் சொல்ல, நான் புள்ளி வைத்தேன். ஆண்கள் எடுத்துப்போனதைக் கழித்தாலும் அறுபத்துச் சொச்சம் எண்களுக்குப் புள்ளி விழவில்லை. மொட்டைக் கடிதம் உண்மைதான் போலிருக்கிறதே என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம்கூட வந்தது.

காதர் சாயபு திரும்பி வந்தபோது இரண்டு மணி. உள்ளே நுழைந்தவர் அலமாரிகளைப் பார்த்தார், பிறகு கூடையைப் பார்த்தார். நேரே வந்து கூடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பச்சை நூலில் இரண்டு முடிச்சுப் போட்ட ஒரு சீட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது எந்த சந்துல இருந்துச்சு?" என்று கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும். அதே குரலில் இன்னொரு சீட்டை எடுத்து, இது எங்கே என்று கேட்டார். அப்போதுதான் நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். அந்தத் தெருக்களில் வீட்டுக்குள்ளே இருக்கும் பெண்களுக்கும் அந்த நூலகத்திலிருந்து புத்தகம் போய்க்கொண்டிருந்தது. சாயபுவின் தங்கை ஜுலேகா பீ, விதவை, வியாழக்கிழமைதோறும் ஒரு துணி மூட்டையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். அந்தப் பெண்களின் பெயரை, அந்நிய ஆண்கள் புரட்டும் ரிஜிஸ்தரில் எழுதுவதில்லை. அதற்காக அண்ணனும் தங்கையும் கண்டுபிடித்த முறை இது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கலர், வீட்டில் ஒவ்வொருத்திக்கும் இத்தனை முடிச்சு. புத்தகம் எடுத்த சந்திலேயே அவளுடைய சீட்டை நிறுத்திவிடுவார்கள். எந்தப் புத்தகம் என்பதை அந்த இடமே சொல்லும், யாரிடம் என்பதை நூல் சொல்லும். பதினோரு வருஷமாக ஒரு புத்தகம் தொலையவில்லையாம். இன்று அதிகாரிக்கு முன்னால், எந்த வீட்டின் பெயரையும் சொல்லாமல், ஒவ்வொரு சந்தாகக் காட்டி, கணக்கு இல்லாமல் ஒன்றும் போகவில்லை என்று நிரூபிக்கத்தான் அவர் இருந்தார். சீட்டு இடத்தைவிட்டு வந்துவிட்டால் அது வெறும் அட்டை.

ஐயர் சரியாக மூன்று மணிக்கு வந்தார். நின்றபடியே என் பட்டியலைப் பார்த்தார். அறுபத்துச் சொச்சம் புத்தகம் எங்கே என்று கேட்டார். வெளியே படிக்கப் போயிருக்கிறது என்றார் சாயபு. யாரிடம் என்று கேட்டார் ஐயர். சாயபு வாயைத் திறக்கவில்லை. ஐயர் சிவப்புப் பென்சிலை எடுத்து ஒரே ஒரு வரி எழுதினார். பிறகு அவர் கண் கூடையின்மேல் போய், என் பக்கம் திரும்பியது.

"மாசிலாமணி, அதுல என்ன?"

அந்த ஒரு நொடியை நான் எத்தனை தடவை திருப்பிப் பார்த்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. நான் செய்ததை அப்போதே சொல்லியிருக்கலாம். சாயபு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். துரைக்கண்ணு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குப்பை சார்" என்றேன்.

ஐயர் தலையாட்டிவிட்டு நீலப் பென்சிலை எடுத்தார். காதர் சாயபு ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பேசினால் நூலுக்கு அர்த்தம் சொல்லவேண்டும், அர்த்தம் சொன்னால் வீட்டைச் சொல்லவேண்டும், இனி அதை நிரூபிக்கவும் முடியாது. எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது, இந்த மனுஷன் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்காமல் உட்கார்ந்திருக்கிறான் என்று.

சனிக்கிழமை முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆபீசில் சுத்தப் பிரதி எடுக்க உட்கார்ந்து, மைக்கூடு காய்ந்துவிட்டது, பேனா முள் உடைந்துவிட்டது என்று திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் அடையாற்றுப் பாலம்வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன். சாயபுவுக்கு வேலை போகும், கமிட்டியின் கையிலிருந்து நூலகம் போகும், அந்தப் பெண்களுக்குப் புத்தகம் போகாது. மூன்றுக்கும் காரணம் நான், அதைச் சொல்லவேண்டியவனும் நான்தான். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை சாயபு வீட்டுக்குப் போனேன். அவர் நாற்காலி போட்டார். நான் உட்காராமலே, தப்பு என்னுடையது, நான் குப்பை என்று சொன்னது பொய் என்றேன். உள்வாசல் திரைக்குப் பின்னாலிருந்து ஜுலேகா பீயின் குரல் பதிலாக வந்தது. கூடையில் இருந்த சீட்டுகளைப் பார்த்துவிட்டதாகவும், எந்த வீட்டில் யாரிடம் புத்தகம் இருக்கிறது என்பது அதிலேயே தெரிவதாகவும், எந்தப் புத்தகம் என்று பாதிக்குமேல் தனக்கு ஞாபகம் இருப்பதாகவும் சொன்னார். கோபமே இல்லாமல் அவர் பேசியது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த வீடுகளைப் பற்றியும் சொன்னார். சில வீடுகளில் பெண்கள் படிப்பது ஆண்களுக்குத் தெரியாதாம். தெரிந்தால் தடுப்பார்கள் என்று இல்லை, கேலி செய்வார்கள். "ஒரு வீட்டுல மாமியாரும் மருமவளும் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தரு ஒரே புஸ்தகத்தைக் கேட்டுக்கினு இருக்காங்க ஐயா. ரெண்டு பேரும் எங்கிட்ட, அவங்ககிட்ட சொல்லாதேன்றாங்க" என்று சொல்லிச் சிரித்தார். அந்த நிலைமையில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அங்கிருந்து நேரே ஐயர் வீட்டுக்குப் போனேன். அவர் மயிலாப்பூரைவிட்டு, அப்போதுதான் தெருப் போட்டுக்கொண்டிருந்த தியாகராய நகரில் வீடு கட்டிக் குடிபோயிருந்தார். சுற்றிலும் செங்கல்லும் சுண்ணாம்பும் குவிந்து கிடந்தன. என்ன ஓய் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாய் என்று ஆச்சரியப்பட்டார். நான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேல்வேஷ்டியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அன்னிக்குக் குப்பைன்னு சொன்னீர், நம்பினேன். இன்னிக்குக் கணக்குன்னு சொல்றீர், இதையும் நம்பறேன். ஆனா நான் பார்த்தது சீட்டில்லாத அலமாரி. பார்க்காததை நீலத்துல எழுதச் சொல்லிண்டு எங்காத்து வாசல்ல வந்து நிக்காதேயும்" என்றார்.

சீட்டுகள் அதனதன் இடத்தில் இருந்திருந்தால் அவர் ஒப்புக்கொண்டிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கண்ணால் பார்த்ததை மறுக்கிற மனிதர் இல்லை அவர். இதுதான் என்னை அரிக்கிறது. அவர் கல்நெஞ்சக்காரராக இருந்திருந்தால் பழியில் பாதியை அவர் தலையில் போட்டுவிட்டு நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். பதினைந்து நாள் தருவார். புத்தகங்கள் அத்தனையும் அலமாரிக்கு வந்துவிட வேண்டும். மறுபடி எண்ணுவார். சரியாக இருந்தால் கமிட்டியே நடத்திக்கொள்ளலாம், சர்க்கார் ஆள் வரமாட்டான். ஒரே ஒரு நிபந்தனை, இனிமேல் யார் எடுத்தாலும் ரிஜிஸ்தரில் பெயர் இருக்க வேண்டும். பெண்களுக்கு வேண்டுமானால் தனி ரிஜிஸ்தர் போட்டுக்கொள்ளட்டும். அதை உத்தரவாகவே எழுதிவிட்டார். எனக்குத் தலையிலிருந்து மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அவர் காலில் விழாத குறை.

மறுநாள் சாயங்காலம் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சாயபுவிடம் இதைச் சொன்னேன். அவர் அல்லாவுக்கு நன்றி சொன்னார். திரைக்குப் பின்னாலிருந்து, "பேரு எழுதணுமா?" என்று கேட்டார் ஜுலேகா பீ.

"தனி ரிஜிஸ்தர்தான் அம்மா. ஆம்பளைங்க யாரும் பார்க்க மாட்டாங்க" என்றேன்.

"நீங்க பாப்பீங்களே."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஏதோ சமாதானம் சொல்லியிருப்பேன்.

அடுத்த பத்து நாளில் ஜுலேகா பீ எல்லா வீட்டுக்கும் போய் வந்தார். சர்க்கார் கேட்கிறது என்றதும் பாதிப் பேர் படித்து முடிக்காத புத்தகத்தையே கொடுத்துவிட்டார்களாம். சிலர் மூடிய ஜட்கா வண்டியில் தாங்களே வந்து, இறங்காமல், திரைக்குள்ளிருந்து கையை நீட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு புத்தகத்துக்குப் பட்டுத்துணியில் உறை தைத்திருந்தது. ஒன்றின் ஓரத்தில் மருதாணி விரல் பட்ட கறை. ஒன்றில் பாதி வழியில் அடையாளத்துக்கு ஒரு வளையல் துண்டு இருந்தது, அதைச் சாயபு எடுத்துத் தங்கையிடம் கொடுத்துவிட்டார். ஒரு பாட்டுப் புத்தகத்துக்குப் புதிதாக மேலட்டை போட்டுத் தைத்து அனுப்பியிருந்தார்கள். அந்தத் தையலைச் சாயபு விளக்குக்குக் கிட்டே பிடித்துப் பார்த்து, நான்கூட இவ்வளவு நெருக்கமாகப் போடமாட்டேன் என்றார்.

பதினைந்தாம் நாள் எண்ணினோம். இந்தமுறை செவ்வாய்க்கிழமை. துரைக்கண்ணு எண்ணைச் சொல்ல, நான் புள்ளி வைக்க, ஐயர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒன்றும் குறையவில்லை. என் வேலைக்காலம் முழுவதிலும், ஆள் நடமாட்டம் உள்ள ஒரு நூலகத்தில் கடைசிப் புத்தகம்வரை எண்ணிக்கை சரியாக வந்தது அந்த ஒருநாள்தான். ஐயர் நீலத்தில் "மிகவும் திருப்தி" என்று எழுதினார். கமிட்டியைக் கலைக்க வேண்டாம் என்று சிபாரிசு செய்தார். மேலிடத்திலிருந்து அப்படியே உத்தரவும் வந்தது. போகும்போது காதர் சாயபுவிடம், நீர் நல்ல மனுஷர் என்று சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை வேறு எவரும் வாங்கி நான் பார்த்ததில்லை.

பெண்களுக்கான தனி ரிஜிஸ்தரைச் சாயபு தன் கையாலேயே கட்டினார். பச்சைக் காலிக்கோத் துணி, தோல் முதுகு, நல்ல கெட்டிக் காகிதம். தேதி, புத்தக எண், பெயர், வீடு என்று கோடு போட்டிருந்தார்.

அடுத்த வருஷச் சோதனைக்கு முன்பே ஐயர் ஓய்வு பெற்றார், அந்த வேலை எனக்கே வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை அங்கே போனேன். வெள்ளிக்கிழமையில் போகவில்லை. புத்தகங்கள் நெருக்கமாக நின்றன. ஆண்கள் ரிஜிஸ்தரில் வழக்கம்போல் பதிவுகள் இருந்தன. ஜுலேகா பீயின் வியாழக்கிழமை நடை நின்றுவிட்டது. பெயருக்குப் பதிலாக எண் போட்டுக்கொள்ள அனுமதிக்கலாம் என்று மேலிடத்துக்கு மூன்று தடவை குறிப்பு அனுப்பினேன். ஏற்கெனவே முடிவான விஷயம் என்று மூன்று தடவையும் கட்டுத் திரும்பி வந்தது. அந்த உத்தரவுக்கு ஆதாரமான அறிக்கையைச் சுத்தப் பிரதி எடுத்தவன் நான்தான், என் கையெழுத்தே என்னைப் பார்த்தது.

முப்பதுகளின் கடைசியில் எனக்கு வெளியூருக்கு மாற்றல் வந்தது. கடைசி முறையாகப் போனபோது, யாராவது ஒருவர்கூட வரவில்லையா அம்மா என்று திரையைப் பார்த்துக் கேட்டேன். "முதல்ல ரெண்டு வருஷம் கேட்டுப் பாத்தேன் ஐயா. பேருன்னதும் வேணாம்னுட்டாங்க. அப்புறம் நானும் கேக்கறதை நிறுத்திட்டேன்" என்றார். குரல் பழைய மாதிரியே இருந்தது, சிரிப்பு மட்டும் இல்லை.

சாயபு பச்சை ரிஜிஸ்தரைக் கொண்டுவந்து என் முன் விரித்து வைத்தார். பார்வையிடும் அதிகாரி ஒவ்வொரு ரிஜிஸ்தரிலும், கடைசிப் பதிவுக்குக் கீழே, பார்வையிட்டேன் என்று முழுப்பெயரும் தேதியும் எழுத வேண்டும் என்பது விதி. பேனாவை மையில் தோய்த்து என் பெயரை எழுதினேன். சாயபு ஒற்றுக்காகிதத்தால் ஒற்றி எடுத்தார். மயிலாப்பூர்ப் பெண்களுக்காகப் போட்ட அந்த ரிஜிஸ்தரில் அதோடு ஏழு பதிவுகள் ஆயின. ஏழும் என் பெயர்.